அணு ஆய்வுக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் தேடிய மேகநாத சாகா

இந்திய அறிவியல் மேதைகளின் வரிசையில் டாக்டர் மேகநாத சாகா அவர்களுக்குத் தனியிடம் உண்டு. விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழி கண்டவர் என்றே பலரும் அவரை அறிவர். அணுக்கரு ஆய்வைப் பல்கலைக் கழக மாணவர்க்கு உரியதாக்க அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. கல்வி ஒன்றையே கருவியாகக் கொண்டு உழைத்துவரும் நம் சங்கத்தார் அவ்வரலாற்றை அறிவது நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

சாகா அவர்கள் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், அந்நாளைய டாக்கா மாவட்டத்தைச் சேர்ந்த சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் சிறு மளிகைக் கடை நடத்தி, எட்டு மக்களைக் கொண்ட குடும்பத்தைக் காத்து வந்தார். தொடக்கக் கல்விக்கு மேல் படிக்க ஊரில் பள்ளி இல்லை. தொலைவிலிருந்த சிமுலியா என்னும் ஊரில், மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் உணவும் உறையுளும் தந்தார். உண்ட கலத்தைத் தாமே கழுவியும் வீட்டுப் பசுவைப் பேணியும் சிறுவர் சாகா அங்கே கல்வி கற்றார். பின்னர் உதவித் தொகை பெற்று டாக்கா நகரப் பள்ளியில் சேர்ந்தார். 1905-இல் வங்கப் பிரிவினை எதிர்ப்பின்போது, ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவருள் ஒருவராக நின்றதால் அவ்வுதவியையும் இழந்தார்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வங்கத்துச் சாதி அடுக்கில் அவருடைய குலம் தாழ்வாக மதிக்கப்பட்டது. ஈடன் இந்து விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். அவ்விழிவைத் தாங்கிக்கொண்டே அவர் 1915-இல் எம்.எஸ்ஸி. தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் சத்தியேந்திரநாத் போஸ். 1920-இல் வெளிவந்த வெப்ப அயனியாக்கக் கொள்கை சாகாவின் பெயரை உலகறியச் செய்தது. 1927-இல் இலண்டன் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று.

அலகாபாத்தில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றிய பின், 1938-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திற்குப் பேராசிரியராகத் திரும்பினார். அணுக்கரு இயற்பியலே வருங்காலத்தின் அறிவியல் என்று உணர்ந்து, 1940-இல் அதனை எம்.எஸ்ஸி. பாடத் திட்டத்தில் சேர்த்தார். பாடம் மட்டும் போதாது, கருவியும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் லாரன்ஸ் என்பார் சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியை அமைத்திருந்தார். தம் மாணவர் நாக் சௌத்திரியை அங்கே அனுப்பிப் பயிற்றுவித்தார் சாகா. நேருவின் ஆதரவோடு டாட்டா அறக்கட்டளையிடம் ரூ. 60,000 நன்கொடையும் கிடைத்தது. ஆனால் வெற்றிடப் பம்புகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அக்கருவி இயங்கிற்று. இதற்கிடையே பல்கலைக் கழகத்தின் அரவணைப்பில் எழுந்த அணுக்கரு இயற்பியல் நிலையத்தை, 1950-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்தார்.

இக்காலத்தில்தான் பெரும் கருத்து வேற்றுமை எழுந்தது. 1948-இல் அரசு, ஹோமி பாபாவின் தலைமையில் அணுசக்தி ஆணையத்தை அமைத்தது. ஆற்றலை ஓரிடத்தில் குவித்தாலன்றி விரைவில் பயன் காண இயலாது என்பது பாபாவின் எண்ணம். முதலில் பல்கலைக் கழகங்களில் ஆட்களைப் பயிற்றுவித்து, தொழில் வளத்தையும் பெருக்கிய பின்னரே ஆணையம் காணவேண்டும் என்பது சாகாவின் எண்ணம். 1952-இல் சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் சென்ற அவர், 1954-இல் மக்களவையில் அணுசக்திக் கொள்கையை விவாதத்திற்குக் கொணர்ந்து, ஆய்வைச் சூழ்ந்த மறைபொருள் தன்மையைக் கண்டித்தார். எனினும் அரசு பாபாவின் வழியையே மேற்கொண்டது. டிராம்பே நிலையம் வளர்ந்தது. பல்கலைக் கழகங்கள் பின்தங்கின.

பாபாவின் வழியால் நாடு பயனடையவில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆசியாவிலேயே தொடக்ககால அணு உலைகளுள் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்டில் இயங்கியது அதனால்தான். ஆயினும் சாகா எழுப்பிய வினா நம் போன்றோர்க்கு மிக அணுக்கமானது. ஊர்ப்புறத்து ஏழை மாணவன் எட்டக்கூடிய இடம் பல்கலைக் கழகமே. ஆய்வு அங்கிருந்து அகன்று சென்றால், அவனிடமிருந்தும் அகன்று செல்கிறது. 1980-களின் இறுதியில், அணுசக்தித் துறையின் கருவிகளைப் பல்கலைக் கழகத்தாரும் பயன்படுத்தக் கூட்டமைப்பு ஒன்று இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. சாகா வேண்டிய இணைப்பின் ஒரு பகுதி அவ்வாறு பின்னாளில் கைகூடிற்று.

அப்சரா இயங்குமுன்பே, 1956 பிப்ரவரி 16-ஆம் நாள், தில்லியில் திட்டக் குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் சாகா மாரடைப்பால் மறைந்தார். அவர் தோற்றுவித்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி, அணுசக்தித் துறையின் உதவியோடு நடைபெறுகிறது. உடன் அமர்ந்து உண்ண மறுக்கப்பட்டவர் கட்டிய கூடத்தில் எல்லாக் குலத்தாரும் ஒருங்கே அமர்ந்து பயில்கின்றனர். நம் மாணவ மாணவியர் அத்தகைய கூடங்களின் வாயில்களைத் தயங்காது தட்டவேண்டும். அதற்குரிய விண்ணப்பமும் வழிச்செலவும் அவர்க்குக் கிட்டச் செய்வது பெரியோராகிய நம் கடமை.