திபெத்திய மொழி தெரியாமலே 'திபெத்திய மரண நூல்' தந்தவர்: திருவண்ணாமலைக்கு வந்த ஈவன்ஸ்-வென்ட்ஸ் யார்?

1935 ஜனவரி 24. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் வந்து சேர்கிறார். வயது 56. கையில் பால் பிரண்டன் கொடுத்த அறிமுகக் கடிதம். பயணக் களைப்பு தீர ஓய்வெடுத்துவிட்டு, மதியம் ரமண மகரிஷியிடம் கேள்விகளைத் தொடங்குகிறார். தியானம் செய்ய உட்காருவதற்காகப் புலியையும் மானையும் கொன்று தோலை எடுப்பது சரியா? எந்த ஆசனம் நல்லது? புலித்தோலுக்கும் கம்பளிக்கும் என்ன வித்தியாசம்?

வந்தவர் பெயர் வால்டர் ஈவன்ஸ்-வென்ட்ஸ். ஆசிரமத்தில் அன்று எழுதப்பட்ட குறிப்பு அவரை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆங்கிலேய ஆய்வாளர் என்கிறது. திபெத்திய மொழி கற்றவர் என்றும் சொல்கிறது.

இரண்டுமே சரியில்லை. அவர் அமெரிக்கர். திபெத்திய மொழியை அவர் கடைசி வரை கற்கவில்லை என்பதே பின்னால் வந்த அறிஞர்களின் முடிவு. ஆனால் திபெத்திய பௌத்தம் என்றால் என்ன என்று மேற்குலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் இவர் வெளியிட்ட புத்தகங்கள் வழியாகத்தான். அது எப்படி நடந்தது? ஒரு நேர்மையான ஆய்வாளரே தன் முன்முடிவில் எப்படிச் சிக்கிக்கொள்கிறார்? இவருடைய வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது.

அப்பாவின் புத்தக அலமாரி

1878ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், டிரென்டன் நகரில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். வீட்டு அலமாரியில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞானப் புத்தகங்கள் இருந்தன. சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர்தான் இந்த பிளாவட்ஸ்கி. எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே ரகசிய ஞானம் இருக்கிறது, அது கிழக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அந்தப் புத்தகங்களின் சாரம்.

பையன் அதைப் படித்தான், நம்பினான். 1901ல் கலிஃபோர்னியாவில் இயங்கிய பிரம்மஞான அமைப்பில் உறுப்பினரும் ஆனார். அதற்கு அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆய்வு முறையைக் கற்பதற்கு முன்பே முடிவு அவர் கையில் இருந்தது.

முதல் ஆய்வு: தேவதைகள் உண்டா?

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, கெல்டிக் மக்களிடம் இருந்த குட்டித் தேவதை நம்பிக்கை. நம்ம ஊர் முனி, மோகினிக் கதைகள் மாதிரி அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி பக்கம் புழங்கிய கதைகள். ஊர் ஊராகப் போய் மக்களிடமே கேட்டு எழுதினார். ஒவ்வொரு பகுதிக்கும் அந்த மண்ணின் அறிஞர் ஒருவரிடம் முன்னுரை வாங்கினார். அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்தே நாட்டார் கதைகளை அலசியவர்கள் பலர். அவர்களோடு ஒப்பிட்டால் இது நல்ல களப்பணி.

கோளாறு வேறிடத்தில் இருந்தது. தேவதைகளைப் பார்த்ததாகச் சொன்னவர்களை அவர் தேடிப் போனார். அவர்கள் சொன்னதைச் சேர்த்தார். 1911ல் வந்த நூலின் முடிவில், கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் உண்மையாகவே இருக்கலாம் என்ற இடத்துக்கு வந்தார்.

மக்கள் நம்புகிறார்கள் என்பது சமூக அறிவியல் சொல்லக்கூடிய செய்தி. மக்கள் நம்புவது நிஜம் என்பது வேறு செய்தி. முதலாவதற்குத் திரட்டிய ஆதாரத்தை அவர் இரண்டாவதற்கும் பயன்படுத்திவிட்டார். தான் ஏற்கனவே நம்புவதை உறுதி செய்யும் தகவல் மட்டும் கண்ணில் படுவதை இன்று 'கன்ஃபர்மேஷன் பயாஸ்' என்கிறோம். ஆபீஸில் ஒரு ஐடியாவை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக சர்வே எடுப்போமே, அதே கதைதான்.

கேங்டாக்கில் ஒரு தலைமையாசிரியர்

முதல் உலகப் போர்க் காலத்தை எகிப்தில் கழித்துவிட்டு, இலங்கை வழியாக இந்தியா வந்தார் ஈவன்ஸ்-வென்ட்ஸ். 1919ல் இமயமலைப் பக்கம் போனபோது சில திபெத்தியச் சுவடிகள் அவர் கைக்கு வந்தன. படிக்கத் தெரியாது. சிக்கிம் தலைநகர் கேங்டாக்கில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த காஸி தாவா சம்துப்பைத் தேடிப் போனார்.

தாவா சம்துப் சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் அரசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் தொகுத்த ஆங்கில-திபெத்திய அகராதியை 1919ல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது. அங்கேயே திபெத்திய மொழி விரிவுரையாளராகவும் ஆனார். பள்ளி தொடங்குவதற்கு முன் காலை நேரங்களில் இருவரும் உட்காருவார்கள். அவர் வாய்மொழியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இவர் எழுதிக்கொள்வார். இரண்டு மாதம் போல இது நடந்தது.

1922ல் தாவா சம்துப் இறந்துவிட்டார். புத்தகம் வந்தது 1927ல். நடுவில் ஐந்து ஆண்டுகள். ஈவன்ஸ்-வென்ட்ஸ் நீண்ட முன்னுரையும் ஏராளமான அடிக்குறிப்புகளும் சேர்த்தார். அவற்றைப் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்ல மூலமொழி தெரிந்த அந்த மனிதர் உயிரோடு இல்லை.

தலைப்பிலேயே தொடங்கிய சிக்கல்

மூலத்தின் பெயர் 'பார்தோ தோதோல்'. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையில், காதால் கேட்பதன் மூலம் விடுதலை என்பது ஏறக்குறைய அதன் பொருள். இறந்தவருக்காக வாசிக்கப்படும் சடங்கு நூல் அது. 14ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பெரிய தொகுப்பின் சில பகுதிகள் மட்டுமே ஈவன்ஸ்-வென்ட்ஸ் கையில் இருந்தன. அவரோ அப்போது பிரபலமாக இருந்த 'எகிப்திய மரண நூல்' பாணியில் 'திபெத்திய மரண நூல்' என்று பெயர் வைத்தார்.

அதைவிடப் பெரிய சிக்கல் மறுபிறப்பில் வந்தது. வினைப்பயனால் மனிதர் விலங்காகவும் பிறக்கலாம் என்கிறது மூலநூல். மனித நிலைக்கு வந்த ஆன்மா மறுபடி விலங்காகாது என்பது பிரம்மஞானக் கொள்கை. இரண்டும் மோதின. ஈவன்ஸ்-வென்ட்ஸ் என்ன செய்தார்? நூலில் சொல்லியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வெறும் குறியீடு, உள்ளர்த்தம் வேறு என்று முன்னுரையில் விளக்கினார். தரவு கொள்கைக்கு எதிராக நின்றபோது கொள்கையை மாற்றவில்லை, தரவுக்குப் புது அர்த்தம் கொடுத்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மொழியாக்கம் தாவா சம்துப்புடையது என்று புத்தகத்தின் முகப்பிலேயே போட்டார். தன்னைத் தொகுப்பாசிரியர் என்று மட்டுமே சொன்னார். தாவா சம்துப்பைக் குருவாக மதித்தார். ஆனாலும் உலகத்தின் நினைவில் நின்ற பெயர் ஈவன்ஸ்-வென்ட்ஸ்தான். உளவியலாளர் கார்ல் யுங் அந்த நூலுக்கு உரை எழுதினார். 1960களில் அமெரிக்காவில் போதை மருந்து அனுபவங்களுக்கே வழிகாட்டியாக அதை மாற்றி எழுதினார்கள். திபெத்தியக் குடும்பங்களில் சாவு வீட்டுக்கு உரியதாக இருந்த நூல் எங்கோ போய்ச் சேர்ந்தது. கைக்குக் கிடைத்த பகுதிகள் மட்டும் இல்லாமல் முழு நூலும் ஆங்கிலத்தில் வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருவண்ணாமலையில் நடந்தது என்ன?

இந்தப் பின்னணியோடு அந்த ஜனவரி மதியத்தைத் திரும்பப் பாருங்கள். அவர் கொண்டுவந்த கேள்விகள் ஆசனம், தோல், தனிமை, சித்திகள் என்று போயின. யோகி என்றால் இப்படித்தான் இருப்பார் என்ற படம் அவர் மனதில் தயாராக இருந்தது. கேள்வித்தாளும் அந்தப் படத்திலிருந்தே வந்தது.

ரமணரின் பதில்கள் அந்தக் கேள்வித்தாளுக்குள் அடங்கவில்லை. புலியும் மானும் மனம்தான் என்றார். எந்த ஆசனமும் சரி, ஞானத்துக்கு அது முக்கியமில்லை என்றார். எல்லாம் மாயை என்றால் கொல்லலாமா என்று கேட்டபோது, மாயை யாருக்கு என்று பார்க்கச் சொன்னார். அது ஆன்மிகப் பதில், ஆய்வு முறை பற்றிய பாடம் இல்லை. ஆனாலும் களத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் நடக்கிறது. கேள்வி, கேட்டவரை நோக்கித் திரும்புகிறது. இன்றைய சமூக ஆய்வாளர்கள் அறிக்கையில் தங்கள் பின்னணி, நம்பிக்கை, மொழியறிவு எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதும் இதற்காகத்தான்.

இங்கேயும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. ரமணர் பேசியது பெரும்பாலும் தமிழ், தெலுங்கு, மலையாளத்தில். அதை ஆங்கிலத்தில் குறித்துவைத்தவர் முனகால வெங்கடராமையா. இன்று நாம் படிப்பது அவர் காதில் விழுந்து, அவர் கையால் எழுதப்பட்ட உரையாடலை.

ஒரு ஆய்வைப் படிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

- ஆய்வாளருக்கு அந்த மக்களின் மொழி தெரியுமா? தெரியாதென்றால் மொழிபெயர்த்தவர் யார், அவர் பெயர் இருக்கிறதா?
- யாரிடம் கேட்டார்கள் என்பதோடு, யாரிடம் கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்களா?
- ஆய்வாளரின் எதிர்பார்ப்புக்கு எதிரான பதில் ஒன்றாவது அறிக்கையில் இருக்கிறதா? அதை என்ன செய்தார்கள்?
- பேட்டி கொடுத்தவர்களிடம் அறிக்கையைக் காட்டி, சரியா என்று கேட்டார்களா?

ஈவன்ஸ்-வென்ட்ஸின் மரண நூல் சறுக்கியது முதல், மூன்றாம், நான்காம் கேள்விகளில். தேவதை நூல் சறுக்கியது இரண்டாவதில்.

கடைசி நாட்கள்

இந்தியாவிலேயே தங்கிவிட விரும்பினார். இரண்டாம் உலகப் போர் விடவில்லை. 1941ல் அமெரிக்கா திரும்பி, சான் டியாகோ நகரில் ஒரு எளிய ஹோட்டல் அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியாக வாழ்ந்தார். பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை' நூலுக்கு முன்னுரை எழுதியவரும் இவரே. 1965 ஜூலையில், 87 வயதில் காலமானார்.

தாவா சம்துப் அவருக்கு 43 ஆண்டுகள் முன்பே போய்விட்டார். ரமணாசிரமக் குறிப்பு மட்டும் நூலில் அப்படியே இருக்கிறது. அதில் ஈவன்ஸ்-வென்ட்ஸ் திபெத்திய மொழி தெரிந்த ஆங்கிலேயர். தாவா சம்துப்பின் பெயர் அந்த அறிமுகத்தில் இல்லை.