ஜிம் கார்பெட்

கார்பெட் என்றதும் நம் மாணவர் பலருக்கு நினைவில் எழுவது ஆட்கொல்லிப் புலி. எனக்கோ அப்புலியின் உடைந்த பற்களே முதலில் நினைவுக்கு வருகின்றன.

1875-ல் நைனிதாலில் அஞ்சல் அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குளிர்காலந்தோறும் காலாடுங்கிக் காடுகளில் திரிந்து வளர்ந்தார். பிழைப்புக்காக ரயில்வேயில் சேர்ந்தபோது கிடைத்த வேலை என்ன தெரியுமா? எஞ்சின்களுக்கு விறகு வெட்டுவிப்பது! பின்னர் மொகாமா காட் என்னும் கங்கைத் துறையில் சரக்கு மாற்றும் பணியில் இருபது ஆண்டுகள் கழிந்தன.

1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்ற புலி அது. ஊரார் மகிழ்ச்சியில் திளைத்திருக்க, கார்பெட் அதன் வாயைப் பார்த்தார். வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும். என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையை அடிக்க இயலாமற்போன விலங்கு மனிதரை நாடியிருந்தது. கொன்றதோடு நில்லாமல் காரணத்தையும் தேடினாரே, அதற்காகவே அவரை விஞ்ஞானிகளின் வரிசையில் வைப்பேன்.

ஆயினும் அவரைத் தெய்வமாக்க நான் உடன்படேன். 1930-ல் பவல்கட்டில் அவர் சுட்ட பெரும்புலி ஆட்கொல்லியன்று. வனத்துறை அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப் படங்களால் ஊக்கமுற்றுத் தாமும் காமிராவைக் கையில் எடுத்தார். துப்பாக்கியையோ அடியோடு விட்டுவிடவில்லை. வைசிராய் லின்லித்கோவின் வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்தவரும் இவரே. மனமாற்றம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை போலும்.

எனினும் 1936-ல் ராம்கங்கைக் கரையில், வேட்டைக்கு இடமில்லாத ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்தபோது, அதற்குத் துணைநின்றவர்களுள் அவர் முக்கியமானவர். பரப்பு சுமார் 324 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுவே. அவர் மறைந்த பின் அது அவர் பெயரைப் பெற்றது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

1915-ல் அவர் வாங்கிய சிற்றூர் சோட்டி ஹல்த்வானி. குடியானவர்களின் பயிரைக் காட்டுப்பன்றி மேயாதிருக்க ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார். புலியைக் கொல்லாமல், பன்றியையும் சுடாமல் உழவரைக் காக்க வழி உண்டா என்று எண்ணிய மனிதரை இங்கேதான் காண்கிறேன். 1947-ல் கென்யாவுக்குச் சென்று, 1955-ல் அங்கேயே காலமானார். மதிலின் சில பகுதிகள் இன்றும் அவ்வூரில் நிற்கின்றன.