ஊடுருவும் ஒளி கண்ட இராண்ட்ஜன்

உடம்பைக் கீறாமல் அதன் உட்புறத்தைக் காண்டல் இயலாது என்பதே பன்னூறாண்டுகளாக மருத்துவர் கொண்டிருந்த எண்ணம். எலும்பு முறிந்ததா, பிசகியதா என்பதைக் கையால் தடவியும், நோயாளி துடிக்கும் இடத்தைக் கொண்டும் அவர்கள் உய்த்துணர்ந்தனர். அந்நிலையை ஒரே குளிர்காலத்தில் மாற்றியவர் வில்லெம் கான்ராட் இராண்ட்ஜன் என்னும் செருமானிய அறிஞர்.

அவர் 1845ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், லென்னெப் என்னும் சிற்றூரில், துணி வணிகர் ஒருவர்க்கு ஒரே மகனாகப் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஆலந்து நாட்டிற்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் கல்வியிற் சிறந்தவரென்று பெயர் பெற்றாரல்லர். காடும் வெளியும் சுற்றித் திரிவதும், சிறு பொறிகளைத் தம் கையாலேயே செய்து பார்ப்பதுமே அவருக்கு விருப்பமாயிருந்தன.

உட்ரெக்ட் நகரத்துத் தொழிற்பள்ளியில் அவர் பயின்றபோது ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. மாணவன் ஒருவன் ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்து படம் வரைந்தான். பழி இராண்ட்ஜன்மேல் விழுந்தது. வரைந்தவன் பெயரைச் சொல்லுமாறு அவரை வற்புறுத்தினர். அவர் சொல்ல மறுத்தார். அதனால் 1863இல் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். குற்றம் செய்யாதவன் ஒறுக்கப்படுதல் முறையோ என்று நீங்கள் கேட்கலாம். முறையன்று என்றே நானும் சொல்வேன். ஆயினும் தம் வாயடக்கத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பள்ளியிறுதிச் சான்று இன்மையால் ஆலந்திலும் செருமனியிலும் பல்கலைக்கழகக் கதவுகள் அவருக்கு அடைபட்டன.

சான்றின்றியும் தகுதி கண்டு மாணவரைச் சேர்க்கும் தொழில்நுட்பக் கல்லூரியொன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தது. 1865இல் அங்குச் சேர்ந்து பொறியியல் கற்றார். 1869இல் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். குண்ட் என்னும் பேராசிரியரே அவரை இயற்பியலின்பால் ஈர்த்தவர். அவருடன் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்றபோது, பழைய பள்ளிச்சான்று இல்லையென்பதையே காட்டி, ஆசிரியராகும் உரிமையை அங்கு மறுத்துவிட்டனர். பின்னர்ப் பிற ஊர்களில் உழைத்துப் புகழ்பெற்ற அவரை, 1888இல் அதே பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து அமர்த்திக்கொண்டது!

அங்குத்தான் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மாலை அவ்வியப்பு நிகழ்ந்தது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றினுள் மின்சாரத்தைச் செலுத்தி இராண்ட்ஜன் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் முற்றும் மூடியிருந்தார், அறையும் இருண்டிருந்தது. ஆயினும் சற்று எட்டக் கிடந்த, பேரியம் சேர்ந்த உப்புப் பூசிய திரையொன்று மெல்ல ஒளிர்ந்தது. மின்சாரத்தை நிறுத்தினார், ஒளி மறைந்தது. மீண்டும் செலுத்தினார், ஒளி தோன்றியது. அட்டையைக் கடந்து கண்ணுக்குப் புலனாகாத ஏதோவொன்று வருகின்றது என்று உணர்ந்தார்.

ஏழு வாரம் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு நீங்கினாரல்லர் என்றே சொல்லலாம். உணவும் உறக்கமும் அங்கேயே. காகிதம், மரம், தடித்த நூல் எல்லாவற்றையும் அக்கதிர் ஊடுருவியது, ஈயம் தடுத்தது. தம் கையைக் குறுக்கே நீட்டியபோது, திரையில் தம் விரலெலும்புகளின் நிழலையே கண்டார். டிசம்பர் 22ஆம் நாள் மனைவியார் பெர்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் அணிந்த மோதிரமும் அதில் தெளிந்து தோன்றின. அவ்வம்மையார் அதனைக் கண்டு அஞ்சினார் என்பர். கணக்கு நூலில் அறியாத எண்ணை எக்ஸ் என்று குறிப்பதுபோல, இயல்பு அறியாத அக்கதிருக்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார் இராண்ட்ஜன்.

செய்தி சில நாள்களில் உலகெங்கும் பரவியது. மருத்துவர் உடனே அதனைக் கைக்கொண்டனர். அந்நாளில் மெல்லிய கையொன்றைப் படமெடுக்கவே பல நிமிடம் ஆயிற்று. தசை திரண்ட இடுப்பைப் படமெடுத்தல் மிக அரிது. இன்று அது நொடிப்பொழுதில் முடிகின்றது.

உங்கள் இல்லத்து முதியவர் ஒருவர் இடுப்பு நோவால் வருந்த, மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து வரச் சொன்னால், வீட்டார் சிலர் கலங்குவர். கலங்க வேண்டுவதில்லை. வெள்ளி அரைஞாண், இடுப்பு வார், சாவிக்கொத்து முதலியவற்றை அகற்றச் சொல்வர். உலோகம் படத்தை மறைக்கும் அன்றோ? மேசைமேல் மல்லாந்து படுக்கச் செய்து ஒரு படமும், முழங்கால் மடக்கி ஒருக்களிக்கச் செய்து மற்றொரு படமும் எடுப்பர். அசையாமல் ஒரு கணம் மூச்சை அடக்குமாறு சொல்லிவிட்டுத் தடுப்பின் பின் நின்று விசையை அழுத்துவர். கதிர் புகுவது உடம்பிற்குச் சிறிதும் தெரியாது. மேசை குளிர்ந்திருக்கும், நோவுடையார்க்கு ஒருக்களித்தல் வருத்தும், துன்பம் அவ்வளவே.

இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளும் படத்தில் வெண்மையாகத் தோன்றும். முறிவு, தேய்வு, எலும்பு இடம்பெயர்தல் ஆகியன புலப்படும். எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த தட்டு தோன்றாது. அதன் இடைவெளி குறுகியிருப்பது மட்டும் தெரியும். நரம்பும் தசையும் தெளிவுறா. ஆதலின் படத்தில் குறையில்லை என்றால் நோவும் பொய் என்று முதியவரை எள்ளிவிடாதீர்கள். பளு தூக்கியதால் வரும் நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தணிவதால், மருத்துவர் உடனே படம் வேண்டார். விழுந்து அடிபட்டாலோ, காய்ச்சல் உடனிருந்தாலோ, கால் மரத்துத் தளர்ந்தாலோ காலந்தாழ்த்தாது ஆராய்வர்.

இக்கதிருக்குத் தீங்கும் உண்டு. தொடக்கத்தில் அதனை அறியாதார் பலர் தம் கைகளையே மீண்டும் மீண்டும் அதன்முன் நீட்டினர். எடிசனின் உதவியாளர் கிளாரன்சு டாலி அதனால் புண்ணுற்று, கைகளை இழந்து, 1904இல் மாண்டார். இன்று இடுப்புப் படமொன்றில் உடம்பேற்கும் கதிரளவு, இயற்கையிலிருந்து நாம் ஏறத்தாழ அரையாண்டில் ஏற்கும் அளவேயாகும். ஆயினும் கருவுற்ற மகளிர் அதனை முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

இக்கண்டுபிடிப்பால் இராண்ட்ஜன் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அவரோ காப்புரிமை பெறவில்லை. எவரும் தடையின்றிப் பயன்கொள்ளட்டும் என விட்டுவிட்டார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அத்தொகையையும் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். தம்மை ஒருகால் தள்ளிய இடம் என்று அவர் கருதவில்லை போலும். பெயர்முன் சேர்க்க அளித்த பிரபுப் பட்டத்தையும் ஏற்க மறுத்தார்.

1900இல் மியூனிக் நகருக்குச் சென்று பணியாற்றினார். 1919இல் மனைவியார் மறைந்தார். முதல் உலகப்போருக்குப் பின் செருமானியப் பணம் மதிப்பிழக்க, அவர் சேமித்த பொருளும் கரைந்தது. இறுதி நாளில் எளிமையாகவே வாழ்ந்தார். 1923ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் குடற்புற்றால் உயிர் துறந்தார். தம் ஆய்வுக் குறிப்புகளை எரித்துவிடுமாறு அவர் எழுதிவைத்திருந்தபடியே செய்தனர். பெற்றோரும் மனைவியாரும் துயிலும் கீசன் நகரத்து இடுகாட்டிலேயே அவரும் அடக்கம் செய்யப்பெற்றார்.