அமைதிப் படை கண்ட வினோபா

மலைப்பொழிவில் சமாதானம் செய்வோரை நம் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று வாழ்த்தினார். அப்பேற்றினைப் பெற்றோர் வரிசையில் நம் பாரத நாட்டில் வைத்து எண்ணத்தக்கவர் ஆசார்ய வினோபா பாவே.

1895ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் ககோதே எனும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையில் கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். 1916இல் தேர்வெழுதப் பம்பாய்க்குப் புறப்பட்டவர், வழியில் மனம் மாறிக் காசிக்குச் சென்றார். அதே ஆண்டில் காந்தியடிகளை அடைந்தார். 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் முதல் வீரராக அடிகள் தேர்ந்தெடுத்தது இவரையே.

1951இல் தெலுங்கானாவில் நிலவுடைமையாளருக்கும் உழைப்பவருக்குமிடையே இரத்தம் சிந்தும் பகை மூண்டிருந்தது. வினோபா அங்கே கால்நடையாகச் சென்றார். ஏப்ரல் 18ஆம் நாள் போச்சம்பள்ளியில் நிலமற்ற அரிசன மக்கள் 80 ஏக்கர் நிலம் வேண்டினர். அவ்வேண்டுகோளை அவர் ஊரார் முன்னிலையிலேயே வைத்தார். இராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். அன்று பிறந்ததே பூமிதான இயக்கம். 1956இல் தமிழகத்திற்கும் அவர் நடந்து வந்தார். நமக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தில் அவ்வாண்டு சர்வோதய மாநாடு கூடியது.

1957இல் கேரளத்தில் அவர் சாந்தி சேனையைத் தொடங்கினார். இது காந்தியடிகள் கண்டு, நிறைவேறுமுன் மறைந்த கனவாகும். கலவரம் மூண்டபின் ஓடிவரும் அந்நியனின் சொல்லை எவரும் கேளார். ஆகவே ஐயாயிரம் பேருக்கு ஒரு தொண்டர் என அமைத்து, அமைதிக் காலத்திலேயே அம்மக்களுக்குப் பணி செய்து அவர்தம் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்றார். வீடுதோறும் சர்வோதயப் பாத்திரம் வைத்து, குழந்தையின் கையால் நாள்தோறும் ஒரு பிடி தானியம் இடச் செய்தார். நம் இல்லங்களின் பிடியரிசியை இது நமக்கு நினைவூட்டுகிறதல்லவா?

1960இல் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் பலர் அவர்முன் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நம் காந்திகிராமத்தில் போர் எதிர்ப்பாளரின் உலக மாநாடு நடந்தது. அங்கு எழுந்த எண்ணத்தால் 1962இல் லெபனானில் உலக அமைதிப் படை உருவாயிற்று. 1981இல் கனடாவில் தோன்றிய பன்னாட்டு அமைதிப் படையும் இவ்வழி வந்ததே.

வினோபா விரும்பியதோ எழுபதாயிரம் தொண்டர். சேர்ந்தவரோ மிகச் சிலர். 1970களில் சர்வோதயத் தொண்டரிடையே எழுந்த கருத்து வேற்றுமையால் சேனை தளர்ந்தது. பிறர் பகையைத் தீர்க்க வந்தவர்க்கும் தம்முள் ஒற்றுமை காப்பது அரிதாயிற்று. 1982 நவம்பர் 15ஆம் நாள் பவனாரில் வினோபா இறைவனடி சேர்ந்தார்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஒடிசா, பீகார், அசாம் எனப் பல மாநிலத்தார் நம் தெருக்களில் குடியிருக்கின்றனர். தண்ணீர்க் குழாயடியில், பேருந்தில், சொல் புரியாமையாலேயே சிறு பூசல் பெரிதாகிவிடுகிறது. அன்பு மாணவியரே, பூசல் எழுமுன்பே அண்டை வீட்டாரின் பெயரையும், அவர் மொழியில் நான்கு சொற்களையும் நாம் அறிந்துகொள்வோம். வினோபாவும் பல மொழிகளைக் கற்றது மக்களின் மனத்தை எட்டுவதற்கே. அமைதிப் படையின் முதற்பயிற்சி அதுவே.