காங்கயம் காளையைப் பேணிய பட்டக்காரர்

கிணற்று மேட்டிலிருந்து இரண்டு எருதுகள் சரிவில் இறங்குகின்றன. வடக்கயிறு விறைத்து நிற்கிறது. ஐம்பது, அறுபது அடி ஆழத்திலிருந்து தண்ணீர் நிரம்பிய பறி மேலே வருகிறது. வால்கயிற்றைத் தளர்த்தியதும் தும்பி வழியாக வாய்க்காலில் தண்ணீர் கொட்டுகிறது. எருதுகள் திரும்புவதில்லை. பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து மேட்டுக்கு ஏறுகின்றன. மறுபடியும் இறக்கம். மறுபடியும் ஏற்றம்.

விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை இது. வெயில் உச்சிக்கு வரும் வரை ஓயாது.

இதற்குக் கவலை இறைப்பு என்று பெயர். கொங்கு நாட்டில் ஒரு காலத்தில் சோளம் விளைந்ததும், பருத்தி விளைந்ததும், புகையிலை விளைந்ததும் இப்படி இறைத்த தண்ணீரில்தான். எருது சோர்ந்தால் பயிர் காயும். பயிர் காய்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த எருதுகள் காங்கயம் இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தைப் பற்றி எழுதும் கால்நடை நூல்கள் ஒரு மனிதரின் பெயரை மறக்காமல் சொல்கின்றன. அவர்தான் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார்.

பட்டக்காரர்

காங்கயத்தை அடுத்த ஊர் பழையகோட்டை. வெள்ளைக்காரர் ஆட்சியில் அது கோயம்புத்தூர் ஜில்லாவில், தாராபுரம் தாலுகாவில் இருந்தது. 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது.

பட்டக்காரர் என்றால் வெறும் மிராசுதார் என்று எண்ணிவிடக் கூடாது. ஊர் வழக்குகளில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கோயில் காரியங்களில் அவருக்கு முதல் மரியாதை உண்டு. நிலபுலம் ஏராளம். இந்தப் பட்டம் தலைமுறை தலைமுறையாக வருவது. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையும் இந்த வமிசத்தோடு உறவுள்ளவர்தான் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள்.

மன்றாடியார் என்ற பெயரிலும் ஒரு சுவை இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மன்றாடி என்ற சொல் அடிக்கடி வரும். கோயில் விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும் அல்லவா? அதற்காகத் தானம் கொடுத்த ஆடுகளை வாங்கி வளர்த்தவர்களுக்கு அப்படிப் பெயர். இந்தக் குடும்பத்துப் பட்டம் அதே பொருளில் வந்ததா, மன்றத்துத் தலைவர் என்ற பொருளில் வந்ததா என்பது புலவர்களுக்கு உரிய விவகாரம். கால்நடையோடு பேர் பெற்ற ஒருவருக்கு அந்தப் பெயர் பொருந்தியிருந்தது என்பது மட்டும் உண்மை.

அவருடைய வாழ்க்கையை மாட்டுப் பட்டியின் வழியாகச் சொல்வதே சரி. அவர் பெயரை நிலைநிறுத்தியது அதுதான்.

வறண்ட சீமை

காங்கயம் சீமை மழை குறைந்த பூமி. மேற்கு மலைத் தொடர் தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சராசரி 600 மில்லிமீட்டர் மழை கிடைத்தாலே பெரிது. மண்ணோ சரளையும் கல்லும் கலந்தது. எல்லா நிலத்தையும் உழுது பயிர் வைத்தால் இரண்டு வருஷம் விளையும், மூன்றாவது வருஷம் காயும்.

ஆகையால் அந்தச் சீமையின் குடியானவர்கள் வேறு ஒரு வழி கண்டார்கள். நிலத்தில் ஒரு பகுதியை உழாமல் புல்லுக்கென்றே விட்டார்கள். அதுதான் கொறங்காடு.

கொறங்காட்டில் முக்கியமானவை மூன்று. தரையில் கொழுக்கட்டைப் புல். நடுநடுவே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து சருகாகும். ஒரு மழை விழுந்தால் வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். புல் இல்லாத மாதங்களில் வெள்வேலங்காய் உதிரும். மாடு அதைத் தின்னும். தின்ற மாட்டின் சாணத்தோடு விதை நிலத்தில் விழுந்து புதுச் செடி முளைக்கும். கிளுவையின் போத்தை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். சில வருஷங்களில் ஆடு கூட நுழைய முடியாத முள்சுவர் எழுந்துவிடும்.

முள்வேலியே மேய்ப்பன்

உலகத்தில் மாட்டுப் பண்ணை என்றதும் பலருக்குக் குதிரைமேல் ஏறிய வீரன்தான் நினைவுக்கு வருவான். பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுகளில் அப்படித்தான். 1793-ல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அங்கிருந்த கமேஹமேஹா மன்னருக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். மாடுகள் மலைக்காட்டில் புகுந்து ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. அவற்றை அடக்க மெக்சிகோ நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். குதிரைமேல் பாய்ந்து, சுருக்குக் கயிறு வீசி மாடு பிடிக்கும் வித்தையை அவர்கள் தீவு மக்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

காங்கயத்தில் குதிரையும் இல்லை, சுருக்குக் கயிறும் இல்லை. கிளுவை வேலியே மேய்ப்பன். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும். பகலும் இரவும் அது பாட்டுக்கு மேயும். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். மேய்ந்த காடு மறுபடியும் துளிர்க்கக் காத்திருக்கும்.

நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்கு இந்தக் கொறங்காடுகள் பரந்த அளவில் இருந்தன. அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய வசதி. பத்து ஏக்கர்க்காரர் நான்கு மாடு வைக்கலாம். நான்கு மாட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? பெரிய பட்டி இருந்தால்தான் இது நல்லது, இது சுமார், இது வேண்டாம் என்று பிரிக்க முடியும்.

அவர் பிரித்தார்.

பூச்சிக் காளை

பசுவோடு சேர்ப்பதற்கென்று நிறுத்தும் காளைக்குக் கொங்கு நாட்டில் பூச்சிக் காளை என்று பெயர். பட்டியின் எதிர்காலம் முழுவதும் அதன் திமிலில் இருக்கிறது. ஒரு பசு தன் ஆயுளில் சில கன்றுகள் போடும். ஒரு காளைக்கோ வருஷத்துக்கு எத்தனையோ கன்றுகள்! காளை தவறிப் போனால் பட்டியே தவறிப் போகும்.

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர வளரத் திமிலும் முன் தொடையும் பின் தொடையும் கறுத்துக்கொண்டே வரும். காயடித்து எருதாக்கினால் அந்தக் கறுப்பு மங்கி வெளுத்துவிடும். இந்த மாற்றங்களை எல்லாம் பார்த்துத் தெரிந்தவன்தான் ஒரு செந்நிறக் கன்றைக் காட்டி இது நாளைக்கு எப்படி நிற்கும் என்று சொல்ல முடியும்.

மாடு வளர்ப்பில் அவசரக்காரனுக்கு இடமில்லை. காங்கயம் கிடாரி முதல் கன்று போடச் சுமார் 44 மாதம் ஆகும். அதாவது இன்று ஒரு காளையைப் பசுவோடு சேர்த்தால், அந்தக் காளையின் பேரனோ பேத்தியோ தரையில் விழுவதைப் பார்க்க ஏறத்தாழ நாலரை வருஷம். அந்தப் பேரன் நுகத்தடியில் பூட்டும் பருவத்துக்கு வர மேலும் மூன்று, நான்கு வருஷம். நாற்பது வருஷம் பட்டி நடத்துகிறவர் கூட மாட்டின் பதினொரு தலைமுறைக்கு மேல் காண முடியாது. ஒரு தப்பான காளையை நிறுத்தினால் அந்தப் பதினொன்றில் இரண்டு தலைமுறை வீண்!

இந்தக் கணக்கில் நின்று வேலை செய்தவர் பட்டக்காரர். சொந்தச் சீமை மாட்டிலிருந்தே நல்லதைப் பொறுக்கி, அதையே மேலும் மேலும் பெருக்கினார். உழைக்கும் உடல், ஓடும் கால், கொஞ்சம் தீனியில் நிறைய வேலை. இவைதான் அந்த இனத்துக்கு வேண்டிய குணங்கள். கவலை வாரியிலும், கல் ஏற்றிய வண்டியிலும், ரேக்ளாப் பந்தயத்திலும் அந்தக் குணங்கள் பரீட்சிக்கப்பட்டன. பழையகோட்டைப் பட்டி மாடு என்றால் சந்தையில் தனி மதிப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியில் சாணம் அள்ளியவர்கள், தொட்டியில் தண்ணீர் நிரப்பியவர்கள், கன்று போடும் பசுவின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள், இறைப்புக்குத் தோல் தும்பி தைத்துக் கொடுத்தவர்கள் பலர். மாட்டின் குணம் அவர்களுக்கும் அத்துப்படி. புத்தகத்தில் ஏறியது பட்டக்காரர் பெயர் மட்டும்தான். அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

துரைமார் எழுதினார்கள்

தென்னிந்திய மாடுகளைப் பற்றி கன் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிய நூல் 1909-ல் வெளிவந்தது. 1936-ல் லிட்டில்வுட் என்ற அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இரண்டிலும் காங்கயம் மாட்டுக்கு இடம் உண்டு. ஓசூரில் இருந்த சர்க்கார் மாட்டுப் பண்ணையிலும் காங்கயம் மந்தை ஒன்றை வைத்து வளர்த்தார்கள். ஊர்க் குடியானவனின் வாசலில் நின்ற மாடு, சர்க்கார் ஏட்டில் ஓர் இனமாகப் பதிவாயிற்று.

மின்சாரம் வந்தது

பட்டிக்கு நல்ல பெயர் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், நீலகிரி மலையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பைக்காரா ஆற்றுத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். 1930-களில் அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. மில்கள் பெருகின. 1937-ல் கோயம்புத்தூரிலேயே மின்சார மோட்டார் செய்துவிட்டார்கள். பிறகு கிணற்றடிக்குக் கம்பி வந்தது.

இரண்டு எருதுகள் காலை முழுவதும் இறைத்த தண்ணீரை மோட்டார் சிறிது நேரத்தில் கொட்டியது. மோட்டாருக்குத் தீனி வேண்டாம். வயதாகிப் படுத்துக்கொள்ளாது. எந்தக் குடியானவன்தான் வேண்டாம் என்பான்? கவலை வாரிகள் ஒவ்வொன்றாகப் புல் முளைத்துக் கிடந்தன.

அடுத்து வாய்க்கால் வந்தது. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்தது. பிறகு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துத் தண்ணீர் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் வரை எட்டியது. தண்ணீர் பாய்ந்த இடத்தில் புல் எதற்கு என்று கொறங்காட்டை உழுதார்கள். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரே கையில் பரந்த மேய்ச்சல் நிலம் வைத்திருந்த காலம் முடிந்தது. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுக்க வந்த சட்டம் அது. அதில் தவறு சொல்ல முடியாது. பெரிய பட்டி நடத்த வேண்டிய இடம் மட்டும் சுருங்கிவிட்டது.

பால் கணக்கும் சேர்ந்துகொண்டது. காங்கயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். கன்று குடித்து வலுவான காளையாக வளர வேண்டும் என்பதே அந்த இனத்தின் நோக்கம். வெளிநாட்டு ஜெர்சியோடு கலந்த பசுவோ குடம் குடமாகக் கறந்தது. பால் சொசைட்டியில் வாரம் தவறாமல் பணம் கிடைத்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குக் கலப்பினப் பசு உதவியது. காங்கயம் எருதுக்கோ வேலையே இல்லை.

1990-ல் காங்கயம் மாடுகள் 11 லட்சத்து 74 ஆயிரம் என்று கணக்கு. 2000-ல் அது 4 லட்சத்து 79 ஆயிரம். பத்தே வருஷத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது! பட்டக்காரர் ஒரு ஆயுள் முழுவதும் பொறுக்கிச் சேர்த்த குணம், மூன்று மாட்டுத் தலைமுறைக்குள் கரைந்தது.

அதே 2000-ல் இந்தியத் தபால் இலாகா நாட்டு மாடுகளுக்குத் தபால்தலைகள் வெளியிட்டது. நான்கு இனங்களில் காங்கயமும் ஒன்று. கடிதத்தின் மூலையில் காளை கம்பீரமாக நின்றது. காட்டில் நின்றவை குறைந்துகொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை

2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் தமிழ்நாட்டின் ஊர்களிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் நாட்டு மாடு என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்டது. அதுவரை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகாத பட்டணத்துப் பிள்ளைகள் கூட மயிலை எது, காரி எது, செவலை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேலைக்கென்று வளர்த்த மாட்டை இப்போது பெருமைக்கென்று வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ரேக்ளாவுக்கென்று வளர்க்கிறவர்களும் உண்டு. நாட்டுப் பசும்பாலுக்கு இரட்டை விலை கொடுப்பவர்களும் உண்டு. கிளுவை வேலி சிதையாத கொறங்காடுகள் சில இன்னும் நிற்கின்றன.

பழையகோட்டையிலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் காங்கயம் மாட்டுச் சந்தை கூடுகிறது. வேன்களில் மாடுகள் வந்து இறங்குகின்றன. வாங்க வருகிறவர் மாட்டைச் சுற்றி ஒரு முறை நடக்கிறார். கொம்பைப் பார்க்கிறார். சுழியைப் பார்க்கிறார். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு பக்கத்தில் ஒட்டி நிற்கும் செந்நிறக் கன்றிடம் குனிந்து, ஆறு மாதம் கழித்து அது எந்த நிறத்தில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்.