ஸ்பைடர்மேன் ஆறுமுகம்: கடைசி ஆள்

இளைஞர்களே, 2016-ல் வந்த 'ஓலா போலா' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதில் வரும் கோல் கீப்பர் முத்துவுக்குப் பின்னால் உண்மையான ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் ஆர். ஆறுமுகம்.

1953 ஜனவரி 31-ல் பிறந்தவர், கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை. நீளமான கைகள். எந்த மூலைக்குப் பந்து போனாலும் அந்தக் கை போய்ச் சேரும். அதனால்தான் நாடே அவரை ஸ்பைடர்மேன் என்று அழைத்தது. சிலாங்கூருக்காக ஆடியவர் என்பதால் மலேசியக் கிண்ணத்தில் நம்ம பினாங்குக்கு அவர் எதிரணி! ஆனால் தேசிய ஜெர்சி போட்டுவிட்டால் பினாங்கின் ஷுக்கோர் சாலேவும் அவரும் ஒரே குழு. மாநில வீறாப்பெல்லாம் திடலுக்கு வெளியே.

1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1977-லும் 1979-லும் சீ விளையாட்டில் தங்கம். அதற்குப் பிறகு வந்தது 1980 ஏப்ரல் 6. மெர்டேக்கா அரங்கத்தில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம், எதிரில் தென் கொரியா. சந்தோக் சிங் ஒரு கோல் போட்டார். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் இன்னொரு கோலாக்கினார். 2-1, நாம் ஜெயித்தோம். சீக்கியர், மலாய்க்காரர், சபாவில் இருந்து வந்தவர்கள், அணித்தலைவராகச் சோ சின் ஆன், கோல் கம்பத்தில் ஒரு தமிழர். அந்த வெற்றியில் யார் பங்கு பெரிது என்று பிரிக்க முடியுமா?

ஆனால் அவர்கள் மாஸ்கோ போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததால் மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. திடலில் ஜெயித்தது திடலுக்கு வெளியே கைவிட்டுப் போனது. தோற்றுப் போனால் அடுத்த முறை பார்க்கலாம் என்று மனதைத் தேற்றலாம். ஜெயித்தும் கிடைக்காததை எப்படித் தாங்குவது? ஆறுமுகம் கையுறையைக் கழற்றி வைத்துவிடவில்லை. அதற்குப் பிறகும் நாட்டுக்காகக் கோல் கம்பத்தில் நின்றார்.

ஜோர்ஜ் டவுனில் நம்ம கிளைப் பசங்களுக்கு நான் பயிற்சி கொடுக்கும்போது, கோல் கீப்பராக நிற்க யாரும் சட்டென்று முன்வருவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோல் அடித்தவன் பெயர் பேப்பரில் வரும். கோல் விட்டவன் பெயர் கடைத்தெருவில் அடிபடும். மற்ற பத்துப் பேர் தவறினாலும் பழி கடைசி ஆள் தலையில்தான். அந்த இடத்தை விரும்பி ஏற்று, வருடக்கணக்காக நின்று காட்டியவர் ஆறுமுகம். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

1988 டிசம்பர் 18-ல் ஒரு சாலை விபத்து அவரைக் கொண்டுபோனது. வயது 35 மட்டுமே. அடுத்த ஆண்டுதான் நம் நாட்டில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. காற்பந்தில் நல்ல சம்பளம் வந்த காலத்தை அவர் பார்க்கவேயில்லை.

தம்பி, தங்கைகளே, திடலோ, கோயில் திருப்பணியோ, வீடோ, கடைசி ஆளாக நிற்க ஒருவர் எங்கும் வேண்டும். கைதட்டல் வரும் வராது என்று கணக்குப் பார்க்காமல், அந்த இடத்துக்கு நீங்கள் முதலில் போய் நில்லுங்கள்.