விஞ்ஞானம் பயிற்றிய விபுலாநந்தர்

காந்தத் துண்டொன்றைக் கையிற் பெற்ற ஆறாந் தரத்துச் சிறுவன் மணியடித்த பின்னும் அதனைக் கீழே வைக்க மனங்கொள்ளான். நம் கடற்கரை மணலில் அதனைத் துழாவிக் கரிய துகள்கள் ஒட்டி வருவதைக் கண்டு கூத்தாடுவான். ஐந்தாண்டு சென்று அவனே பதினோராந் தரத்தில் அமர்ந்திருக்கும்போது, காந்தப்புலக் கோடுகளை வரையக் கற்றிருப்பான். முகத்தில் மட்டும் அக்களிப்பைக் காணோம். சாதாரண தரத் தேர்வு முடிந்ததும் விஞ்ஞானப் புத்தகத்தைப் பரணில் எறிவோர் எத்தனை பேர்! இது நம்மூர்க் குறை மாத்திரமன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்வே நாட்டு ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தார் பல நாட்டுப் பதினைந்து வயது மாணாக்கரை வினவியபோது, வளம் மிக்க நாடுகளிலேயே பள்ளி விஞ்ஞானத்தின்பால் நாட்டம் குன்றியிருக்கக் கண்டனர். வயது ஏற ஏற வியப்பு வற்றுவதேன் என்று வருந்தும் ஆசிரியர், அவ்வியப்பை ஐம்பத்தைந்தாம் வயது வரை வற்றவிடாது காத்த ஒருவரின் வாழ்வை ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

வினாயகபுரத்திலிருந்து கடலோரப் பெருவழியில் வடக்கே செல்வோர் அக்கரைப்பற்றையும் நிந்தவூரையும் கடந்து காரைதீவை அடைவர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே, 1892 மார்ச்சு 27ஆம் நாள், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார் மயில்வாகனனார். விபுலாநந்தர் என்பது துறவுப் பெயர். ஊர்ப் பள்ளியில் தமிழும், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலமும் கணிதமும் கற்றார். பதினாறு வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அக்காலத்து நன்மாணாக்கன் இவ்வளவோடு நின்று அரசாங்க உத்தியோகம் தேடுவான். இவரோ ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் புகுந்து விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே காலத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதருமானார். ஒரு கையில் சோதனைக் குழாயும் மறு கையில் சங்க நூலும் ஏந்தியவர் அன்று நம் நாட்டில் வேறு யாவர் உளர்?

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் அனைத்தையும் விடுத்துச் சென்னை இராமகிருஷ்ண மடம் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். துறவி விஞ்ஞானத்தையும் துறந்திருப்பார் என்று கருதுவோர் இவரை அறியார். கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவி நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கல்வி வழி திறந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து முதல் தமிழ்ப் பேராசிரியரான போதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அப்பதவியை ஏற்ற போதும், அவருள் இருந்த விஞ்ஞான ஆசிரியர் உறங்கவில்லை.

அதற்குச் சான்று கலைச்சொற் பணி. அந்நாளில் மேல்வகுப்பு விஞ்ஞானம் முழுதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. வீட்டிலே தமிழிற் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை வகுப்பிலே வாய் மூடியிருந்தான். கேட்கவியலாத கேள்வி சிறிது காலத்தில் மனத்திலும் எழாதொழியும். வியப்பு வற்றுவதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமோ? சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அடிகள் தலைமை தாங்கினார். அறிஞர் பலர் உழைப்பால், ஏறத்தாழ 10,000 சொற்களைக் கொண்ட கலைச்சொல் நூல் 1938இல் வெளிவந்தது. நாம் இன்னும் பௌதிகம், இரசாயனம் என்கிறோம். தமிழகத்தார் இயற்பியல், வேதியியல் என்பர். இதுபற்றிப் பண்டிதர்கள் சொற்போர் நிகழ்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் விளங்கி மறுகேள்வி பிறக்குமாயின் எச்சொல்லும் நற்சொல்லே.

இனி யாழுக்கு வருவோம். ஒலி பற்றிய பாடம் நம் மாணாக்கருக்கு எத்துணைக் கசப்பென்பதை ஆசிரியர் அறிவர். இழுவிசை மாறாதிருக்க, கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இருமடங்காகும் என்று எழுதி மதிப்பெண் பெறுவதோடு அது முடிந்துவிடும். அடிகள் அவ்விதியைக் கொண்டு, தமிழர் இழந்த கருவியைத் தேடப் புறப்பட்டார். நரம்பைப் பாதியாக்கினால் முதற்சுரமே மேல்நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இங்ஙனம் அளந்து அளந்து, சிலப்பதிகார அரங்கேற்று காதையிலும் அடியார்க்குநல்லார் உரையிலும் புதைந்து கிடந்த பாலைகளையும் இருபத்திரண்டு அலகுகளையும் கணக்கிட்டு மீட்டார். புலவர் பலர் உரைக்கு உரை எழுதிச் சென்ற இடத்தில் இவர் அளவுகோல் கொண்டு நின்றார். இரண்டு மரக்கட்டையும் ஒரு கம்பியும் இருந்தால் எட்டாந் தரத்துப் பிள்ளையும் இதனைச் செய்து காணலாம். நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் கண்டிருக்கின்றனர்?

இமயச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் ஆங்கில இதழொன்றின் ஆசிரியராயிருந்த ஆண்டுகளிலும் இவ்வாய்வு நின்றிலது. மட்டக்களப்பு வாவியில் நிலாக்கால இரவுகளில் மீன்கள் எழுப்புவதாகச் சொல்லப்படும் ஓசையும் அவர் உள்ளத்தை விட்டகலவில்லை. கல்லடிப் பாலத்தருகே வள்ளத்திலிருந்து துடுப்பை நீரில் ஊன்றிக் காதை அதன்மேல் வைத்துக் கேட்பது இங்குள்ளார் வழக்கம். நீரர மகளிர் இன்னிசை என்று அதனைப் பாட்டாக்கி யாழ் நூலிற் சேர்த்தார்.

அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அச்சேறி, 1947 சூன் மாதம் தஞ்சைத் தரணியின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. நலிந்த உடலோடு அவ்வவையில் இருந்தவர் ஈழம் மீண்டார். அடுத்த திங்கள் 19ஆம் நாள் கொழும்பிலே உயிர் நீத்தார். அவர் உடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, வாவிக்கு அணித்தாய், தாம் எழுப்பிய வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கஞ் செய்தனர்.